உடல் சரி, கால் பிழை: ஒரு 777 மாதிரி விமானம்

பேரனின் பத்தாவது பிறந்தநாளுக்காக வவுனியாவில் வாங்கிய போயிங் 777-300ஈஆர் மாதிரி விமானம் இது. உலோக உடல், 1:200 அளவு, விலை 18,500 ரூபாய். உண்மை விமானத்தின் நீளம் 73.9 மீற்றர், இது 37 சென்ரிமீற்றர். அளந்து பார்த்தேன், கணக்கு ஒத்துப்போகிறது. பூச்சிலும் யன்னல் வரிசையிலும் குறை இல்லை.

வீடு வரும்வரை பேரனுக்குப் பொறுமை இல்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் வாங்க இறங்கியபோதே பெட்டியைத் திறந்துவிட்டான். நான் விமானத்தைக் கவிழ்த்துப் பிடித்துச் சக்கரங்களைத்தான் முதலில் பார்த்தேன். கிளிநொச்சியில் லொறிகளுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் பிரேக் லைனர் அடித்தே குடும்பம் வளர்த்தவன் நான்.

பிரதான கால் ஒவ்வொன்றிலும் ஆறு சக்கரங்கள், மூக்கில் இரண்டு, ஆக 14. அது சரி. ஆனால் ஆறு சக்கரங்களையும் தாங்கும் சட்டத்தை அசையாதபடி மட்டமாக ஒட்டிவிட்டார்கள். பறக்கும் கோலத்தில் நிறுத்தி வைக்க ஒரு தாங்கியும் தருகிறார்கள். அப்படி வைக்கும்போது பிழை பளிச்சென்று தெரிகிறது. இந்த விமானத்தின் கால் ஆகாயத்தில் தொங்கும்போது சட்டம் சரிந்து, பின்சக்கரங்கள் தாழ்ந்திருக்கும். 251 தொன் வரை எடையோடு இறங்கும்போது பின்சோடி முதலில் தரையைத் தொடும், மற்றவை அடுத்துப் பதியும். காலுக்குள் எண்ணெய் சிறு துளையூடாக நெருங்கிப் பாய, நைதரசன் அமுங்கி, அந்த அடியை வாங்கிக்கொள்ளும். இறங்குவதன் அழகே அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

"அம்மப்பா, இதில் பிரேக் எங்கே?" என்று பேரன் கேட்டான். கச்சான் பருப்பளவு சக்கரத்துக்குள் அதை எதிர்பார்க்க முடியாது. கராஜில் ஒரு லொறி டிரம்மைக் காட்டி விளங்கப்படுத்தினேன். லொறியில் பிரேக் ஷூ என்ற வளைந்த கட்டை விரிந்து, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உரசும். விமானத்தில் கார்பன் தட்டுகள் அடுக்காக இருக்கும்: ஒன்று சக்கரத்தோடு சுற்றும், அடுத்தது சுற்றாமல் நிற்கும், அதற்கடுத்தது மறுபடி சுற்றும். ஹைட்ரோலிக் பிஸ்டன்கள் அந்த அடுக்கை நெரிக்கும். மூக்குச் சக்கரங்களுக்குப் பிரேக் இல்லை. மற்றப் பன்னிரண்டுக்கும் உண்டு. ஈரத்தில் ஒரு சக்கரம் பூட்டப் பார்த்தால், அந்தச் சக்கரத்தின் அழுத்தத்தை மட்டும் தளர்த்தி உடனே திரும்பக் கொடுக்கிறது ஒரு கருவி. மாரி மழையில் ஏ9 வீதியில் சக்கரம் பூட்டி வழுகிய லொறிகளைக் கட்டியிழுத்து வந்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

இறக்கையின் மேலுள்ள பலகைகளும் பிரேக்கின் கூட்டாளிகள்தான். அவை நிமிர்ந்து இறக்கையின் தூக்குவிசையைக் கெடுத்தால்தான் எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கும். எடை இல்லாத சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. மாதிரியில் அவை வெறும் கோடுகள். அதை நான் குறையாக எடுக்கவில்லை.

பேரனுக்கு இரண்டு தரம் சொன்னது உருகும் அடைப்பைப் பற்றி. மேலெழ ஓடிய விமானத்தைப் பாதியில் நிறுத்த நேர்ந்தால் பிரேக் பயங்கரமாகச் சூடேறும். சூடு எல்லை மீறினால் சக்கரத்திலுள்ள சிறு அடைப்பு உருகி, ரயரிலுள்ள நைதரசனை வெளியேற்றிவிடும். ரயர் வெடிக்காமல் அமர்ந்துவிடும். இதை யோசித்துச் செய்தவனின் கையைப் பிடித்துக் கும்பிடலாம்.

விமானத்தின் தோற்றத்துக்காக வாங்குகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். பிள்ளைக்கு இறங்கும் விதத்தைக் காட்ட நினைப்பவர்களுக்கு இது போதாது. இந்த விலைக்குக் காலில் ஓர் அச்சு வைத்திருக்கவேண்டும், செய்பவர்களுக்கு அது பெரிய வேலை அல்ல. நான் பசையைப் பிளேடால் அறுத்து, தையல் ஊசித் துண்டொன்றை அச்சாகச் செருகினேன். இடது கால் இப்போது மேசையில் பின்சக்கரம் தொட்டே இறங்குகிறது. வலது காலை ஞாயிற்றுக்கிழமை செய்யவேண்டும்.