ஆறு வருடமாக அங்கே நீந்துகிறேன், மனுவிலும் என் கையெழுத்து இருக்கிறது

"அன்ரி, அந்த இடத்தில் சேரலாமா?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். லிஃப்டில் கேட்பார்கள், மரக்கறிக் கடையில் கேட்பார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் சொல்ல முடியாத சங்கதி. அதனால் எழுதியே விடுகிறேன். கேட்பது எங்கள் ஒழுங்கை முடிவில் உள்ள விளையாட்டு நிலையத்தைப் பற்றி. அதன் பெயரைப் போடவில்லை, அதற்கு எதிராக வழக்கு நடக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து ஹவ்லொக் வீதிப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்குப் பெயர் சொல்லாமலே விளங்கும்.

முதலில் அது வெறும் நிலம். நடுவில் புல் தேய்ந்த பிட்ச், ஓரத்தில் ஒரு வேப்பமரம், மழை பெய்தால் ஒரு மூலையில் தவளைக் கச்சேரி. பிள்ளைகள் பின்னேரம் மென்பந்து அடிப்பார்கள். நாங்கள் சில பெண்கள் விடியற்காலை ஐந்தரைக்குப் போய்ச் சுற்றி நடப்போம். பதினொரு சுற்று நடந்தால் அரை மணித்தியாலம், மணிக்கூடு பார்க்கவே தேவையில்லை. 2018 இல் தகரம் அடித்தார்கள். தகரத்தைக் கழற்றியபோது உள்ளே நீச்சல் தடாகம், இரண்டு பட்மின்டன் கோர்ட், ஜிம், செயற்கைப் புல் விரித்த ஃபுட்சல் என்கிற சின்னக் கால்பந்துத் திடல், கார் நிறுத்த கொங்கிரீட் தளம். காணி பொதுத் தேவைக்கு ஒதுக்கியது என்று ஒழுங்கைக்காரர்கள் சொல்கிறார்கள், முறைப்படி குத்தகைக்கு எடுத்தோம் என்று நிலையம் சொல்கிறது. காலை ஐந்திலிருந்து ஏழு வரை நடப்பவர்களுக்கு இலவசம் என்று வாசலில் ஒரு பலகையும் தொங்கியது. இரண்டு மாதம் அப்படித்தான் நடந்தது. பிறகு அங்கத்துவ அட்டை கேட்டார்கள், பிறகு பலகையைக் காணவில்லை.

மனு எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன், பதினான்காவது பெயர்.

ஆறு கிழமை கழித்து என் வலது முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. தரையில் நடக்கிறதைக் குறையுங்கள், தண்ணீருக்குள் நடவுங்கள், நீந்துங்கள் என்றார் டொக்டர். தண்ணீருக்குள் உடம்பின் பாரம் மூட்டில் அவ்வளவாக ஏறாது, ஆனால் தசைக்கு வேலை கிடைக்கும். சரி, பக்கத்தில் தடாகம் எங்கே இருக்கிறது? ஒழுங்கை முடிவில். போய்ச் சேர்ந்தேன். என் கணவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

தடாகத்தைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும். இருபத்தைந்து மீற்றர், ஆழம் குறைந்த பக்கத்தில் கைபிடியோடு படி. செவ்வாயும் வியாழனும் காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை பெண்களுக்கு மட்டும், அந்த நேரத்தில் பயிற்றுநரும் பெண்தான். தொடர்மாடிகளில் இருந்து வரும் அம்மம்மாக்கள், முழுக்க மூடிய நீச்சல் உடையில் வரும் முஸ்லிம் பெண்கள், ஓய்வு பெற்ற ஒரு சிங்கள டீச்சர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். ஐம்பத்திரண்டு வயதில் நான் முதல் தடவை மிதந்தது அங்கேதான். டீச்சர் என் முதுகுக்குக் கீழே ஒரு கையை வைத்துக்கொண்டு, "பயவென்ன எபா, பயவென்ன எபா", பயப்படாதே என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். கையை எப்போது எடுத்தார் என்றே எனக்குத் தெரியாது.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு விஷயம். பருத்திச் சல்வாரோடு இறங்க விடமாட்டார்கள். அது வெட்கம் மானம் பற்றிய சட்டமல்ல. பருத்தி தண்ணீரில் நூல் நூலாகக் கழன்று வடிகட்டியை அடைக்கும். நைலோனில் முழுக்கை, முழுக்கால் உடை புறக்கோட்டையில் வாங்கலாம். அடுத்தது, மூக்கைப் பிடுங்குகிற மாதிரி மணம் அடித்தால் குளோரின் கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்தால்தான் அந்த நாற்றம். இறங்க முன் குளிக்கச் சொல்வது அதற்குத்தான், ஆனால் நான்கு ஷவரில் இரண்டு வருடக்கணக்காக வேலை செய்வதில்லை. பட்மின்டன் கோர்ட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. மகன் ஒரு தடவை போய்விட்டு வழுக்குகிறது என்றான், அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மூடினார்கள். கட்டிய காசைப் பின்னால் வந்த மாதங்களுக்கு ஒழுங்காகக் கழித்தார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2022 இல்தான் எனக்குக் கோபம் வந்தது. மணிக்கணக்காக மின்வெட்டு, டீசலுக்கு வரிசை. நிலையத்தில் ஜெனரேற்றர் இருந்தது. அது இரவில் ஃபுட்சல் திடலின் விளக்குகளுக்கு ஓடியது, தடாகத்தின் பம்ப்புக்கு ஓடவில்லை. ஒரு கிழமையில் தண்ணீர் பாசிப்பயறு அவித்த நிறத்துக்கு வந்தது. எங்கள் வீட்டில் மெழுகுதிரி, ஜன்னலுக்கு வெளியே பகல் மாதிரி வெளிச்சம், பதினொரு மணி வரை "பாஸ் பண்ணுடா" என்ற கூச்சல். ஃபுட்சல்காரர்கள் மணித்தியாலத்துக்குக் காசு கட்டுகிறார்கள், நாங்கள் மாதத்துக்கு. கணக்கு விளங்குகிறது, நித்திரை வரவில்லை.

இதைப் பற்றிப் பேசக் கூட்டிய ஒரு கூட்டத்தில் முகாமையாளர் ஒன்று சொன்னார். "வேல் விழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறீர்கள், வெசாக்குக்குப் பாதையை மூடுகிறார்கள், அதற்கெல்லாம் யாரும் மனு எழுதவில்லையே?" கெட்டிக்காரக் கேள்விதான். மண்டபத்தில் யாரும் பதில் சொல்லவில்லை, எனக்கும் அந்த நேரம் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போதுதான் வந்தது.

ஆடி வேலுக்கு வெள்ளி ரதம் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டு, காலிமுகத்திடலைத் தாண்டி, காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வரும். அன்றைக்கு பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கொள்ளுப்பிட்டியில் வேலை செய்பவர்கள் திட்டிக்கொண்டே நடப்பார்கள். வழி நெடுக நிறைகுடம், சிதறுதேங்காய், ஓடுகிற பிள்ளைகளின் காலில் சிரட்டைத் துண்டு. ஆனால் அடுத்த நாள் விடிய வீதி வீதியாகவே இருக்கும். வெசாக்குக்கு கங்காராமைப் பக்கம், பேரை வாவி ஓரம் கால் வைக்க முடியாது. இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் வரிசையில் நின்று சோறு சாப்பிட்டு, வெளிச்சக் கூடு பார்த்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவோம், சில நாளில் தோரணத்தையும் கழற்றிவிடுவார்கள். கலா பொல என்கிற தெருவோர ஓவியச் சந்தை 1993 இலிருந்து நடக்கிறது. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதை முழுக்க ஓவியம், நம்மவர் பெயரில் உள்ள வீதி என்று எனக்கு ஒரு சின்னப் பெருமை வேறு. இரவானால் ஓவியர்கள் படங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்குப் பண்டாரநாயக்க மண்டபத்தைச் சுற்றி பௌத்தாலோக மாவத்தை நெரிபடுவதைப் பற்றி மட்டும் எனக்கு நல்ல வார்த்தை இல்லை, ஆனாலும் வருடா வருடம் இரண்டு பை நிறையத் தூக்கிக்கொண்டுதான் வருகிறேன். இவர்கள் எல்லாரும் கல்யாண வீட்டுக்குக் கதிரை இரவல் வாங்குகிற மாதிரி வாங்கித் திருப்பித் தருகிறார்கள். எங்கள் ஒழுங்கை நிலத்தை வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. சொன்ன காலை இரண்டு மணித்தியாலத்தைக்கூடத் தரவில்லை.

விளையாட்டுக்கு எதிரி என்றும் என்னைச் சொன்னார்கள். 1996 பெப்ரவரியில், மத்திய வங்கிக் குண்டுக்குப் பிறகு, அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ண ஆட்டத்துக்குக் கொழும்புக்கு வரமாட்டோம் என்றபோது, இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து பிரேமதாச மைதானத்தில் வந்து ஆடினார்கள். அண்ணா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் எத்தனை இடத்தில் அடையாள அட்டை காட்டினோம் என்று நினைவில்லை, வசீம் அக்ரமும் டெண்டுல்கரும் ஒரே பக்கத்தில் நின்றது நினைவிருக்கிறது. அப்படிப்பட்ட என்னிடம்தான் சொல்கிறார்கள்.

இனி மழை. பழைய நிலம் தண்ணீரைக் குடித்துவிடும், தவளை மூலையில் தேங்கி மெல்ல இறங்கும். கொங்கிரீட் குடிக்காது. இப்போது ஒரு மணித்தியாலம் அடித்து ஊற்றினால் அத்தனையும் ஒழுங்கைக் கானுக்குத்தான் வருகிறது, கான் நிரம்பினால் கீழ் வீடுகளின் விறாந்தைக்கு. வெளிச்சத்தை விட, கூச்சலை விட, வழக்கில் நிற்கக்கூடியது இதுதான் என்று எங்கள் சட்டத்தரணி சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பிள்ளைகள் இப்போது ஒழுங்கையிலேயே விளையாடுகிறார்கள். பந்து வேலியைத் தாண்டினால் வாசலில் நிற்கும் காவல்காரத் தம்பி முன்பு எறிந்து தருவார். ஹட்டன் பக்கத்துப் பையன். பிறகு கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்ததாம். ஒரு நாள் நீந்திவிட்டு வரும்போது என்னைக் கூப்பிட்டார். கதிரைக்குப் பின்னால் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் ஏழு டெனிஸ் பந்து, ஒன்றில் மஞ்சள் ரோமமே இல்லை.

"அம்மா, இதக் கொண்டுபோய்க் குடுத்துருங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

ஈரத் துவாய்க்குள் சுற்றிக் கொண்டுவந்தேன். இப்போது அது வாடிக்கை. வியாழக்கிழமைகளில் பிள்ளைகள் எங்கள் வாசலில் காத்து நிற்கிறார்கள்.

ஆகவே, சேரலாமா? முழங்கால், முதுகு வருத்தம் உள்ள பெண்களுக்கு, பெண்கள் நேரத்துக்கு மட்டும் என்றால், சேருங்கள். வருடக் காசை ஒரேயடியாகக் கட்டாதீர்கள், மாதம் மாதம் கட்டுங்கள். லொக்கருக்குச் சொந்தப் பூட்டுக் கொண்டு போங்கள். ஜிம்முக்காக என்றால் காலி வீதியிலேயே இதைவிட மலிவாகக் கிடைக்கும். இரவில் ஃபுட்சல் விளையாட நினைக்கும் தம்பிமார், ஒன்பது மணிக்கு முந்திய நேரத்தை எடுங்கள், புண்ணியமாகப் போகும்.

என் அங்கத்துவம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப் படிவத்தில் இந்த வருடம் ஒரு வரி கூடியிருக்கிறது: நிலையத்துக்கு எதிரான மனுவிலோ வழக்கிலோ விண்ணப்பதாரர் சம்பந்தப்படவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும். கவுண்டரில் இருக்கும் பிள்ளை பேனையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்றேன். படிவம் ஃப்ரிட்ஜுக்கு மேலே, பந்துப் பைக்குக் கீழே கிடக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. நாளைக்குச் செவ்வாய், பத்து மணிக்குப் போவேன்.