பட்டமளிப்பு விருந்துக்குக் கேரமல் கோபுரம் வாங்கப் போகிறீர்களா? முன்பணம் அனுப்புமுன் படியுங்கள்

மொரீஷியஸில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது பட்டமளிப்புக்கோ கல்யாணத்துக்கோ பியேஸ் மோந்தே என்கிற கேரமல் கோபுரம் ஆர்டர் கொடுக்க நினைத்தால், பணம் அனுப்புவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். முகநூலில் கண்ணைப் பறிக்கும் படங்களைப் போட்டு, வீட்டிலிருந்தே செய்து விற்கும் ஒரு பெண்மணி எங்கள் குடும்பத்தை ஏமாற்றிவிட்டார். பணம் போனது ஒரு பக்கம். விருந்துக்கு வந்த சின்னப் பிள்ளையின் வாயில் பல்குச்சி குத்தியதையும், என் அம்மா வாழ்நாளில் தொடாத ஒன்றைப் பொய் சொல்லிச் சாப்பிட வைத்ததையும்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். அவர் எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காக இரண்டு வரி. உள்ளே கிரீம் நிரப்பிய சின்னச் சின்ன பஃப் உருண்டைகளைச் சுடச்சுடக் கேரமலில் தொட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கூம்பு வடிவில் எழுப்புவார்கள். மேலே சர்க்கரை இழைகளைப் பஞ்சு மாதிரி சுற்றுவார்கள், சர்க்கரைப் பூச்சு போட்ட பாதாம் பதிப்பார்கள். பிரான்ஸில் இதற்குக் குரோக்கம்பூஷ் என்று பெயர். கல்யாணம், ஞானஸ்நானம் போன்ற விசேஷங்களில் மேஜை நடுவில் வைப்பது வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்றிருந்த அந்தோனின் கரேம் என்ற சமையல் கலைஞரின் பெயரோடு சேர்த்து இதைச் சொல்வார்கள். 1715 முதல் 1810 வரை இந்தத் தீவு பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்கள் போன பிறகும் அவர்கள் பலகாரங்கள் போகவில்லை. வாழையிலையில் ஏழு கறி விருந்து போடும் தமிழ் வீட்டிலும் ஒரு பியேஸ் மோந்தே நின்றால்தான் விசேஷம் நிறைவாகத் தெரிகிறது.

என் தங்கை மகள் ரெதுவியில் உள்ள பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். என் அம்மா கரும்புத் தோட்டத்தில் வேலை செய்து எங்களை வளர்த்தவர். அதனால் கத்ரபோர்னில் தங்கை வீட்டு முற்றத்தில் சால் வெர்த் பந்தல் போட்டு, சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் எல்லாரையும் கூப்பிட்டோம். "நடுவில் வைக்கிற இனிப்பு என் செலவு" என்று நான் சொன்னேன். "பெரியம்மா, கேக் வேண்டாம், கேரமல் கோபுரம் வேண்டும்" என்று அவளே கேட்டாள்.

அந்தப் பெண்மணியிடம் தொலைபேசியில் நான் தெளிவாகப் பேசினேன். 150 உருண்டை. ஒன்றுக்கு 35 ரூபாய், அலங்காரமும் அடித்தட்டும் சேர்த்து மொத்தம் 7,000 ரூபாய். விருந்து அன்று மதியத்துக்கு மேல்தான் கிரீம் நிரப்பி ஒட்ட வேண்டும், ஐந்து மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்றேன். கிரீமில் ஜெலட்டின் போடுவீர்களா என்றும் கேட்டேன். என் அம்மா முட்டை சாப்பிடுவார், ஆனால் மாட்டு இறைச்சி பக்கமே போகமாட்டார். விருந்துக்கு முஸ்லிம் அண்டை வீட்டாரும் வருகிறார்கள். ஜெலட்டின் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்தோ மாட்டின் தோல், எலும்பிலிருந்தோ எடுப்பது. எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். "பா கஸ் லாதெத் (கவலைப்படாதீர்கள்), மதாம், ஜெலட்டின் ஒரு துளிகூட இல்லை, எல்லாம் அன்றைக்கே செய்வது" என்றார். பாதிப் பணத்தைக் கைப்பேசியில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "பணம் வந்த குறுஞ்செய்தியே ரசீதுதான்" என்றார்.

அன்று ஐந்து மணிக்கு வர வேண்டிய பெட்டி இரண்டு மணிக்கே வந்துவிட்டது. கொண்டுவந்த பையன் மேற்குக் கடற்கரையிலிருந்து ஏசி இல்லாத காரில் வந்திருக்கிறான். பெட்டி நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. "பரிமாறும்போதுதான் திறக்க வேண்டும், இப்போது திறந்தால் அலங்காரம் கெட்டுவிடும், அக்கா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்" என்று சொல்லி, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள். நல்ல சரக்கு கொடுக்கிறவர் உங்களைத் திறந்து பார்க்க விடாமல் தடுக்க மாட்டார்.

ஆறரைக்குத் திறந்தோம். சர்க்கரை இழை ஒன்றுகூட இல்லை, கரைந்து பிசுபிசுவென்று வழிந்திருந்தது. கேரமல் மேல் நீர்த்துளிகள். உருண்டைகள் நமத்துப்போய், அழுத்தினால் விரல் உள்ளே போனது. இருந்தாலும் எல்லாரும் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள், தங்கை மகள் மேலிருந்து ஒன்றை எடுத்துப் பாட்டிக்கு ஊட்டினாள். அடுத்த நிமிடம் தம்பி பேரன் அழ ஆரம்பித்தான். வாயைத் திறந்து பார்த்தால் ஈறில் உடைந்த பல்குச்சி. கோபுரத்தைப் பிரித்துப் பார்த்தோம். நடுவில் ஒரு தெர்மோகோல் கூம்பு, அதில் பல்குச்சியால் குத்திக் குத்தி உருண்டைகளைச் செருகியிருக்கிறார்! எந்த உருண்டையில் குச்சி இருக்கிறது, எது இரண்டாக உடைந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஐந்து வயதுப் பிள்ளை விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எழுதும்போதே கை நடுங்குகிறது.

எங்கள் உறவில் ஒரு பையன் ஹோட்டல் பேஸ்ட்ரி சமையலறையில் வேலை செய்கிறான். அவன்தான் அன்றிரவு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் புரியவைத்தான். அவன் சொன்னதைத்தான் நீங்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

நிஜமான கோபுரமும் உள்ளே வெற்றிடம்தான், அதில் தப்பில்லை. ஆனால் அது கேரமலின் பிடிப்பிலேயே நிற்கும். சர்க்கரையை 160, 170 டிகிரி வரை காய்ச்சினால் ஆறியதும் கண்ணாடி மாதிரி இறுகும். அந்த இறுக்கம்தான் ஒவ்வொரு உருண்டையையும் பக்கத்து உருண்டையோடு பிடித்து வைக்கிறது. ஆனால் அந்தக் கேரமல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இங்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எப்படிப் புழுங்கும் என்று உங்களுக்கே தெரியும். சில மணி நேரத்தில் கேரமல் இளகிவிடும், மெல்லிய இழைகளோ அதற்கும் முன்னாலேயே கரைந்துவிடும்.

சரி, ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்று தோன்றும். ஃபிரிட்ஜ் உள்ளேயும் ஈரம்தான். வெளியே எடுத்ததும் குளிர்ந்த கேரமல் மேல் வெளிக்காற்றின் ஈரம் துளித்துளியாகப் படியும். எங்கள் பெட்டியில் பார்த்த நீர்த்துளி அதுதான். கேரமலுக்கு உலர்ந்த காற்று வேண்டும். பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய கிரீமுக்கோ 5 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் பல மணி நேரம் காப்பாற்ற முடியாது. அதனால்தான் நிஜமாகச் செய்யத் தெரிந்தவர்கள் உருண்டைகளை முன்கூட்டியே சுட்டு, வெறும் ஓடாக வைத்திருந்து, பரிமாறுவதற்குச் சில மணி நேரம் முன்னால்தான் கிரீம் நிரப்பி ஒட்டுகிறார்கள். முந்தின நாளே தயாராக இருக்கும் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

கிரீம் விஷயம் இதைவிடப் பெரியது. 5 முதல் 60 டிகிரி வரை உள்ள சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். கையிலிருந்து, மூக்கிலிருந்து வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமிக்கு இப்படிப்பட்ட பால் கிரீம் மிகவும் பிடிக்கும். அது விடும் நச்சு வாசனையிலும் தெரியாது, ருசியிலும் தெரியாது, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எங்களுக்கு வந்ததில் புளித்த வாடையே அடித்தது, அதனால் பெரியவர்கள் உடனே நிறுத்தினார்கள். வாடை இல்லாமலிருந்தால் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். காரில் வந்த நேரத்தையும் பெட்டிக்குள் மூடிக்கிடந்த நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். முழுவதையும் குப்பையில் கொட்டினோம், ஒரு தட்டு மட்டும் படம் எடுத்து வைத்தோம்.

அப்புறம் எண்ணிக்கை. இதை நீங்களே வீட்டில் சரிபார்க்கலாம். கூம்பில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று ஒன்றாகக் குறைந்தால், கீழ்வரிசையில் 14 உருண்டை இருந்தால் மொத்தம் 105. கீழே 17 இருந்தால் 153. எங்களுக்கு வந்ததில் கீழ்வரிசையில் 11தான், அதாவது மொத்தம் 66. உயரம் குறையாமல் தெரிவதற்காகக் கீழே தங்கக் காகிதம் சுற்றிய தெர்மோகோல் வட்டை வைத்து, இடைவெளிகளை ரிப்பனாலும் பிளாஸ்டிக் பூவாலும் மறைத்திருந்தார். 150க்குக் காசு வாங்கி 66 கொடுப்பதற்குப் பெயர் திருட்டு. இதை வேறு எப்படி மென்மையாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவரைக் கூப்பிட்டேன். முதலில், "கத்ரபோர்ன் பக்கம் ஈரம் அதிகம், மதாம், அதற்கு நான் என்ன செய்ய?" என்றார். எப்போது ஒட்டினீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டதும், முந்தின நாள் சாயங்காலமே ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்ததை ஒப்புக்கொண்டார். கிரீம் ஏன் அப்படிக் கட்டியாக இருந்தது என்று கேட்டேன். "கொஞ்சம்தான் ஜெலட்டின் போட்டேன், வெயிலுக்கு நிற்க வேண்டுமே, எல்லாரும் போடுகிறார்கள்" என்றார். எந்த ஜெலட்டின் என்றால், பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நானும் தங்கையும் அழுதோம். சொல்லிவிட்டோம், மறைக்க மனம் வரவில்லை. அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து குளிக்கப் போனார். அண்டை வீட்டு முஸ்லிம் குடும்பத்திடமும் நானே போய்ச் சொன்னேன். அவர்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்கள், அது வேறு விஷயம். பால் கிரீமுக்கு ஜெலட்டினே தேவையில்லை. சோள மாவு போட்டுக் காய்ச்சினாலே நன்றாகக் கெட்டியாகும். இன்னும் கட்டியாக வேண்டுமானால் கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். அதற்குப் பிறகு தங்கை மகள் அவர் முகநூல் பக்கத்திலிருந்த கோபுரப் படத்தை எடுத்து இணையத்தில் படத்தை வைத்தே தேடினாள். அது பிரான்ஸில் உள்ள ஒரு கடையின் படம். இன்னும் இரண்டு படங்களும் அப்படித்தான்.

அதனால் இனி ஆர்டர் கொடுப்பவர்கள் முதலில் படங்களை இப்படித் தேடிப் பாருங்கள், அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவர் சமையலறையிலேயே எடுத்த வீடியோ ஒன்றைக் கேளுங்கள். எத்தனை மணிக்குக் கிரீம் நிரப்புவார், எந்த வண்டியில் எப்படிக் குளிரோடு கொண்டுவருவார், உள்ளே கூம்பு எதுவும் வைப்பாரா, பல்குச்சி பயன்படுத்துவாரா என்பதையெல்லாம் போனில் பேசாமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்; பதில் எழுத்தில் இருக்க வேண்டும். இங்கே உணவு செய்து விற்பவர்களுக்குச் சுகாதார அமைச்சு தரும் உணவு கையாளுவோர் சான்றிதழ் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்கினால் வேண்டாம். வெயில் காலத்தில் மிகச் சிறந்தது, செய்பவர் ஓடுகளையும் குளிர்பெட்டியில் கிரீமையும் கொண்டுவந்து உங்கள் வீட்டிலேயே கேரமல் காய்ச்சி ஒட்டுவது. அதற்குக் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுக்கலாம். பிள்ளைகளை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள், அந்தச் சூட்டில் கேரமல் தோலில் ஒட்டினால் பிய்த்து எடுக்க முடியாது. அப்படி வருகிறவர் கிடைக்காவிட்டால் கேரமலுக்குப் பதில் சாக்லேட்டால் ஒட்டச் சொல்லுங்கள், அது ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும். அதுவும் வேண்டாமென்றால் நல்ல பாயசமும் காத்தோ கோகோ என்கிற தேங்காய் இனிப்பும் போதும். அன்றைக்கு எங்கள் விருந்தைக் காப்பாற்றியது என் சித்தி வீட்டிலிருந்து வந்த உண்டை இனிப்புதான், ஒன்று மிச்சமில்லை.

நாங்கள் நுகர்வோர் விவகாரப் பிரிவிலும் சுகாதார ஆய்வாளரிடமும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இரண்டு இடத்திலும் அவர்கள் முதலில் கேட்டது பணம் அனுப்பிய பதிவு, செய்திகள், படங்கள், நேரம். இவை எல்லாம் இருந்ததால்தான் புகாரை எடுத்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டுக்குப் பெட்டி வரும்போது கொண்டுவந்தவர் முன்னாலேயே திறங்கள், கீழ்வரிசையை எண்ணுங்கள், ஒரு உருண்டையைப் பிய்த்து உள்ளே பாருங்கள், எல்லாவற்றையும் படம் எடுங்கள். அதற்குப் பிறகுதான் மீதிப் பணம். அவர் அவசரப்படுத்தினால் காத்திருக்கட்டும்.