சொந்த சர்வரா, ஊரோடு ஒத்த சர்வரா: மாஸ்டடான் ஃபீடை வைத்து ஒரு கணக்கு

மாஸ்டடான் ட்விட்டர் மாதிரியான சமூக வலைத்தளம்தான், ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல் ஆளாளுக்கு நடத்தும் பல சர்வர்களாகப் பிரிந்து கிடக்கிறது. அதில் சேரப் போகிறவர் முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி "எந்த சர்வர்?" என்பது. எதுவானாலும் பரவாயில்லை, எல்லாம் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்பார்கள். பேசிக்கொள்ளும்தான். அந்த நம்பிக்கையில் வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, நான் ஒருவன் மட்டும் எட்டு மாதம் குடியிருந்தேன். இப்போது சில ஆயிரம் பேர் உள்ள நடுத்தர சர்வர் ஒன்றில் இருக்கிறேன். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

ஹோம் ஃபீடைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். நாம் பின்தொடர்கிறவர்களின் பதிவுகளும் அவர்கள் பூஸ்ட் செய்த, அதாவது மறுபகிர்வு செய்த, பிறர் பதிவுகளும் நேர வரிசையில் வரும். யார் எத்தனை லைக் வாங்கினார் என்பதை வைத்து எதுவும் மேலே ஏறாது. லோக்கல் ஃபீட் என்பது அந்த சர்வரில் உள்ளவர்கள் எழுதுவது. என் சர்வரில் அது என் முகத்தையே எனக்குக் காட்டும் கண்ணாடி.

வித்தியாசம் தெரிவது மூன்றாவதில், அதாவது ஃபெடரேட்டட் ஃபீடில். ஃபெடிவர்ஸ் முழுவதும், அதாவது இப்படி இணைந்த எல்லா சர்வர்களின் பதிவுகளும், அதில் ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். ஊர்ப் படிப்பகம்போலத்தான் அது. யாராவது ஒருவர் சந்தா கட்டினால் இதழ் வரும், வந்த இதழை எல்லோரும் புரட்டலாம். யாரும் கட்டாத இதழ் அந்த ஊரைப் பொறுத்தவரை அச்சாகவே இல்லை. உங்கள் சர்வரில் ஒருவர் வெளியூர்க் கணக்கைப் பின்தொடர்ந்தால், அதன் புதிய பதிவுகளை அந்த சர்வர் இங்கே அனுப்பத் தொடங்கும். பழையவை வராது. அதனால்தான் பல வருடமாக எழுதுகிறவரின் பக்கம்கூடச் சிறு சர்வரில் காலியாகத் தெரியும்.

ஹேஷ்டேகுக்கும் இதே கதி. 2022இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஹேஷ்டேகையும் பின்தொடரலாம். ஆசையாக #தமிழ் போட்டுவைத்தேன். வாரத்துக்கு நாலைந்து பதிவு, அதுவும் நான் ஏற்கெனவே பின்தொடர்கிறவர்கள் எழுதியது. தமிழில் யாருமே எழுதவில்லையோ என்று வருத்தப்பட்டேன். நடுத்தர சர்வருக்கு வந்த அன்று அதே ஹேஷ்டேகைத் தட்டினால் திரை திரையாக ஓடுகிறது! ஹேஷ்டேகைப் பின்தொடர்வதால் சர்வர் வெளியே போய்த் தேடாது, தன்னிடம் வந்து சேர்ந்ததில் பொறுக்கித் தரும், அவ்வளவே.

என்னைக் கிளப்பியது அதுவும் இல்லை, பதில்கள்தான். ஒருவர் மரத்தின் படம் போட்டு "இது என்ன மரம்?" என்று கேட்டிருந்தார். கீழே ஒரு பதிலும் இல்லை. பாவம் என்று, புங்க மரம், காய் தட்டையாக இருக்கும், எண்ணெய் எடுப்பார்கள் என்றெல்லாம் பத்தி பத்தியாக எழுதினேன். அப்புறம் ஏதோ தோன்றி அவருடைய சர்வரிலேயே அந்தப் பதிவைத் திறந்தேன். எனக்கு முன்னால் பதினோரு பேர் புங்கம் என்று சொல்லி, அவரும் நன்றி சொல்லி முடித்திருந்தார். அந்தப் பதினோரு பேரையும் என் சர்வருக்குத் தெரியாது, அதனால் எனக்கும் தெரியவில்லை. இப்படி எத்தனை இடத்தில் அசடு வழிந்திருப்பேனோ.

வழி இல்லாமல் இல்லை. ரிலே என்று ஒன்று உண்டு. அதில் இணைந்தால் மற்ற சர்வர்களின் பொதுப் பதிவுகள் மொத்தமாக வந்து கொட்டும். கொட்டியது. கூடவே படங்களும் வந்து மூன்றே நாளில் டிஸ்க் நிரம்பி, சர்வர் படுத்துவிட்டது. பழைய படங்களைக் கழிக்கும் கட்டளையை இரவில் தானாக ஓடவிட்டு நிமிர்த்தினேன். ஆனால் எனக்குப் புரியாத மொழிகளில் வந்த பதிவுகளுக்காக டிஸ்க் வாடகை கட்டுவதில் என்ன இருக்கிறது?

சரி, மாஸ்டடான்.சோஷியல் போன்ற மிகப் பெரிய சர்வர்? சில வாரங்கள்தான் இருந்தேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். எதைத் தேடினாலும் கிடைத்தது. லோக்கல் ஃபீட் மட்டும் கண் நிற்காத வேகத்தில் ஓடியது, படிக்க முடியவில்லை. இப்போதைய இடத்தில் அது தெருவில் நாலு பேர் பேசிக்கொள்வதுபோல இருக்கிறது, பெயர்கள் பழகிவிட்டன. அட்மின் ஏதாவது ஒரு சர்வரைத் தடுத்தால் அங்குள்ள நண்பர்கள் எனக்கும் அறுந்துபோவார்கள் என்ற குறை உண்டு. சொந்த சர்வரில் அந்த பயம் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

சர்வர் மாறும்போது என்னைப் பின்தொடர்கிறவர்கள் தானாக வந்துவிட்டார்கள். நான் பின்தொடர்ந்தவர்களின் பட்டியலை கோப்பாக இறக்கி ஏற்றினேன். எழுதிய பதிவுகள் மட்டும் பழைய இடத்திலேயே கிடக்கின்றன.

சொந்த சர்வர்தான் வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு ஒன்று. விடுபட்ட பதிவின் முகவரியைத் தேடல் பெட்டியில் ஒட்டினால் சர்வர் அதைப் போய் எடுத்துவரும், பதில் எழுதுவதற்கு முன் மூலப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். விடுபட்ட பதில்களைத் தானே தேடிக் கொண்டுவரும் வசதி புதிய பதிப்புகளில் வந்திருக்கிறது. நான் கடையைக் கட்டிய பிறகு வந்ததால் ஓட்டிப் பார்க்கவில்லை.