பல்லின் கடினத் திசு நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம் பட்டியல்: ஒரு மெடிக்கல் கோடரின் மதிப்பீடு

அமெரிக்கப் பல் மருத்துவமனைகள் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் கோரி அனுப்பும் கிளெய்ம்களுக்குச் சென்னையிலிருந்து நோய்க் குறியீடு இடும் எனக்கு, நோய்களுக்குரிய குறியீடுகளைத் தொகுத்து அந்நாட்டு அரசு கட்டணமின்றி வெளியிடும் ஐசிடி-10-சிஎம் பட்டியல்தான் அன்றாடக் கருவி. 2015 அக்டோபர் 1 முதல் அங்கு நடைமுறையில் உள்ள இப்பட்டியலில், பல்லின் மேலுறையான எனாமல், அதற்கு அடியிலுள்ள டென்டின் போன்ற கடினத் திசுக்களின் நோய்களுக்குரிய கே02 (சொத்தை), கே03 (பிற நோய்கள்) ஆகிய பிரிவுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குறியீடுகளின் கீழே சிற்றெழுத்தில் வரும் குறிப்புகளே இதன் பெரும் பலம். விரிசல் விட்ட பல்லுக்குக் கே03.81 என்று சொல்லும் பட்டியல், அடிபட்டு உடைந்த பல் இதில் சேராது, அது எஸ்02.5-க்கு உரியது என்று அங்கேயே விலக்கிவிடுகிறது. ஆகவே 'பல் உடைந்துள்ளது' என்று மட்டும் மருத்துவர் எழுதியிருந்தால், எதனால் உடைந்தது என்று கேட்டறியாமல் நான் குறியீடு இடுவதில்லை. கே03.6-இன் கீழ்ப் புகையிலைக் கறையோடு வெற்றிலைக் கறையும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பதை முதன்முறை பார்த்தபோது, சிவந்த பற்களோடு திண்ணையில் அமர்ந்திருந்த என் பாட்டி நினைவுக்கு வந்தார். பல்லின் மேல் படிந்த கறை அங்கே வரும். முளைத்த பிறகு பல்லின் திசுவே நிறம் மாறியிருந்தால் கே03.7-க்குச் செல்ல வேண்டும்.

சொத்தைக்கான பகுப்பும் நேர்த்தியானது. குழியிலும் பிளவிலும் வரும் சொத்தை எனாமலோடு நின்றால் கே02.51, டென்டினுக்குள் இறங்கினால் கே02.52, பல்லின் நடுவிலுள்ள மென்திசுவான பற்கூழை எட்டினால் கே02.53.

குறை என்றால், எந்தக் குறியீட்டைக் கிளெய்மில் இடலாம் என்று பட்டியலின் பிடிஎஃப் தனியே அடையாளமிட்டுக் காட்டுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கே03.8 என்று நிறுத்திவிட்டேன். ஐந்தாவது எழுத்து இல்லை என்று கிளெய்ம் திரும்பி வந்தது. கே03.81 அல்லது கே03.89 என்று முழுமையாக இட்டால்தான் செல்லும். பட்டியலோடு வெளியாகும் வரிசைக் கோப்பில் இதற்கு விடை உண்டு: புள்ளியில்லாமல் எழுதப்பட்ட 'கே038' அருகே 0 (கிளெய்மில் இட முடியாது), 'கே0381' அருகே 1 (இடலாம்). புதியவர்கள் இரண்டையும் அருகருகே திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

கே03.9-க்கும் அக்கோப்பு 1 என்றே காட்டும். ஆனால் அது 'குறிப்பிடப்படாதது' என்பதற்கான குறியீடு. மருத்துவரிடம் கேட்டும் விவரம் கிடைக்காத பிறகே அதை இடுகிறேன்.