போக்கர் ஹட்: கடைசியில் என் திரையில் மிஞ்சிய நான்கு எண்கள்

ஆன்லைன் போக்கரில் எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டி எண்களைக் காட்டும் ஹட் சாஃப்ட்வேரைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். போக்கர்டிராக்கர், ஹோல்டெம் மேனேஜர் இரண்டும் இதில் பெரிய பெயர்கள். ஆடிய ஒவ்வொரு கையின் (சீட்டு போடுவதிலிருந்து பணம் யாருக்கு என்று முடிவாகும்வரை ஒரு சுற்று) பதிவையும் கணினியில் சேர்த்து வைத்து, அதிலிருந்து சதவீதம் போட்டுக் காட்டும். இரண்டில் எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பலவீனமான ஆட்டக்காரரைக் கண்டுபிடிக்க ஹட் எவ்வளவு உதவுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நன்றாகவே உதவுகிறது. ஆனால் அது காட்டக்கூடிய ஏராளமான எண்களில் வேலைக்கு ஆவது கொஞ்சம்தான். இப்போது நான் வைத்திருப்பது நான்கு: வீபிப், பிஎஃப்ஆர், சி-பெட்டுக்கு (முதலில் பந்தயத்தை ஏற்றியவர் அடுத்த கட்டத்திலும் தொடர்ந்து போடும் பந்தயம்) எத்தனை சதவீதம் ஃபோல்ட் செய்கிறார், அதாவது சீட்டை விட்டு விலகுகிறார், அப்புறம் அவர் ஆடி மொத்தம் எத்தனை கை பார்த்திருக்கிறேன் என்பது. நான்காவதைப் பலரும் மறைத்துவிடுகிறார்கள். அது இல்லாமல் மற்ற மூன்றுக்கும் அர்த்தம் இல்லை.

வீபிப் என்பது பிளைண்ட் (சீட்டு வருவதற்கு முன்பே இருவர் முறைவைத்துப் போட வேண்டிய கட்டாயப் பணம்) போக, ஒருவர் தானாக விரும்பிப் பணம் போட்ட கைகளின் சதவீதம். பிஎஃப்ஆர், ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) முன்பே ரெய்ஸ் செய்த, அதாவது பந்தயத்தை ஏற்றிய கைகளின் சதவீதம். ஆறு பேர் டேபிளில் ஒழுங்காக ஆடுபவருக்கு 24, 19 என்கிற மாதிரி இரண்டும் ஒட்டி நிற்கும். 48, 7 என்று கண்ணில் பட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்: வருவதில் பாதிக் கைகளை ஆடுகிறார், ரெய்ஸ் செய்யாமல் கால் போட்டே (மற்றவர் போட்ட தொகைக்குச் சமமாக மட்டும் போட்டு) உள்ளே வருகிறார். இந்த இரண்டு எண்களும் ஐம்பது, நூறு கைக்குள் ஓரளவு நம்பும்படி வந்துவிடும். கடைசிப் பொதுச் சீட்டான ரிவருக்குரிய எண்கள் அப்படி இல்லை. அதுவரை போகும் கைகளே குறைவு என்பதால் ஆயிரக்கணக்கில் சேராமல் அவற்றை நம்பக் கூடாது.

எண்கள் சேர்வதற்கு முன்பே தெரியும் அடையாளங்களும் உண்டு. முழு 100 பிக் பிளைண்டோடு (இரண்டு பிளைண்டில் பெரியது, இதை வைத்துத்தான் தொகையை அளப்போம்) வராமல் 37, 52 என்று கையில் இருந்ததைக் கொண்டுவந்து உட்காருவார். பிக் பிளைண்ட் தன்னிடம் வரும்வரை பொறுக்காமல் உடனே பிளைண்ட் போட்டுவிட்டு ஆடத் தொடங்குவார். முதல் ஆளாக லிம்ப் செய்வார், அதாவது ரெய்ஸ் செய்யாமல் பிக் பிளைண்ட் அளவு மட்டும் போட்டு உள்ளே வருவார். இதில் இரண்டு சேர்ந்தாலே பெயருக்கு நிறம் போட்டுவிடுவேன். எனக்குக் கிடைத்த லாபத்தில் பெரும்பங்கு இந்த நிறத்தால்தான் வந்தது என்று நினைக்கிறேன். லாபியைத் திறந்ததும் எந்த டேபிளில் உட்கார வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. முடிந்தால் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நாம் முடிவெடுக்கலாம். அவர் லிம்ப் செய்தால் நான் நான்கைந்து பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்வேன். மற்றவர்கள் விலகி அவரும் நானும் மட்டும் மிஞ்சினால் போதும்.

அதன் பிறகு எல்லாமே கையில் உள்ளதற்குக் காசு வாங்குவதுதான். என்னிடம் ஏஸும் குயினும், ஃப்ளாப்பில் குயின், எட்டு, மூன்று என்றால் நல்ல ஆட்டக்காரருக்கு எதிராகப் பாட்டில் (நடுவில் சேர்ந்திருக்கும் பணத்தில்) மூன்றில் ஒரு பங்கு பெட் செய்வேன். கால் செய்தே பழகியவருக்கு முக்கால் பாட், பயமுறுத்தும் சீட்டு வராவிட்டால் மூன்று தெருவிலும் (ஃப்ளாப்பிலும் அதற்கடுத்த இரண்டு சீட்டுகளிலும்). தொகை ஏறியதற்காக அவர் மனசு மாறுவதில்லை. ப்ளஃப் மட்டும் கூடவே கூடாது. ஃபோல்ட் பட்டன் இருப்பதே தெரியாதவரிடம் பொய் சொல்லி என்ன கிடைக்கப் போகிறது?

அதே ஆள் திடீரென்று ரிவரில் ரெய்ஸ் செய்தால், ஒரு ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு கால் செய்யாதீர்கள். சும்மா இருப்பவர் எழுந்தால் பெரும்பாலும் இரண்டு ஜோடிக்குக் குறைவாக இருக்காது.

பயந்து ஆடுபவர்கள் வேறு ரகம். வீபிப் 12, சி-பெட்டுக்கு ஃபோல்ட் 65 என்று இருப்பவரிடம் கணக்கு எளிது. பாதிப் பாட் பெட் செய்யும் ப்ளஃப், மூன்றில் ஒரு முறை ஜெயித்தாலே முதலுக்கு மோசமில்லை. அவரோ மூன்றில் இரண்டு முறை விட்டுக்கொடுக்கிறார். பிளைண்டையும் அவரிடமிருந்து தாராளமாக எடுக்கலாம். அவர் திருப்பி ரெய்ஸ் செய்தால் பேசாமல் விலகிவிட வேண்டும்.

சாட்டில் அவர்களைக் கிண்டல் செய்வதும் பாடம் எடுப்பதும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மனிதர் எழுந்து போய்விட்டால் டேபிளில் மிஞ்சுவது ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த ஐந்து பேரும், தளம் எடுத்துக்கொள்ளும் கமிஷனான ரேக்கும்தான்.

எல்லாத் தளத்திலும் ஹட் ஓடாது. பார்ட்டிபோக்கர் 2019இல் தடை செய்தது. ஜிஜிபோக்கரில் வெளி ஹட்டுக்கு அனுமதியில்லை, அவர்களே ஒன்றைத் தருகிறார்கள். போவாடாவில் பெயரே தெரியாத டேபிள்கள். ஒரு தளத்தின் விதியைப் படிக்காமல் சாஃப்ட்வேரை ஓடவிட்டால் கணக்கே முடங்கலாம்.

ஒன்றிரண்டு டேபிள் மட்டும் ஆடுபவருக்கு இது தேவையில்லை, கண்ணும் குறிப்பும் போதும். நான்கு டேபிள் ஆடுபவர் ட்ரையல் காலத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம்.