தாத்தாவின் ரிவால்வர் ஒரிஜினல்தானா? பழையபேட்டை பட்டறையில் காட்டிய அனுபவம்

கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு சின்னத் துப்பாக்கிக் கடை இருக்கிறது, முன்னால் விற்பனை, பின்னால் ரிப்பேர் பட்டறை. ஆயுத விஷயம் என்பதால் கடைப் பெயரையும் நம்பரையும் நெட்டில் போட வேண்டாம் என்று அங்கே இருக்கும் பாய் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. ஆனால் வீட்டில் பரம்பரையாக வந்த ரிவால்வரை வைத்துக்கொண்டு, இது கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறதா, நடுவில் யாராவது கை வைத்துவிட்டார்களா என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு அவர் பார்த்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்களுடையது அமெரிக்கக் கம்பெனியான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்தது, .32 லாங் என்ற வகைத் தோட்டா, ஆறு குண்டு, நாலேகால் அங்குலக் குழல். தாத்தாவுக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காடு இருந்தது. அவருடைய லைசென்ஸ் புத்தகத்தில் முதல் முத்திரை சேலம், 1965க்கு அப்புறம் தர்மபுரி, 2004க்கு அப்புறம் கிருஷ்ணகிரி; அவர் வீடு மாறவே இல்லை, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. அவர் போனபிறகு வாரிசுகள் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்து, என் பெயருக்கு லைசென்ஸ் வரும்வரை பொருள் ஸ்டேஷனில் டெபாசிட்டில் கிடந்தது. ஒன்று சொல்லிவிடுகிறேன், பழசு, நினைவுப் பொருள் என்று சொல்லி இதையெல்லாம் சும்மா பீரோவில் வைத்துக்கொள்ள முடியாது. ரிப்பேர் செய்தால் சுடும் என்ற நிலையில் இருந்தாலே 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும்.

இங்கே வருவதற்கு முன்னால் வேறு ஊரில் ஒரு பெரிய கடையில் காட்டினேன். இரண்டு நிமிஷம் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் நிக்கல் சார், அப்படியே இருக்கு, வேணும்னா இன்னொரு கோட்டிங் போட்டு புதுசாக்கித் தர்றோம்" என்றார்கள். வீட்டிலும் அதை வெள்ளித் துப்பாக்கி என்றுதான் சொல்வோம், அதனால் நானும் நம்பிவிட்டேன்.

பாய் கையில் வாங்கியதும் முதலில் சிலிண்டரைத் திறந்து, ஆறு அறையும் காலியா என்று வெளிச்சத்தில் பார்த்தார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். வெள்ளைத் துணி விரித்து, லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி, பிடியின் அடிப்பாகத்தில் வெட்டியிருக்கும் நம்பரை அதோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. ஆனால் டெபாசிட் ரசீதில் வேறு நம்பர். எனக்கு பயமாகிவிட்டது. அவர் நிதானமாக, சிலிண்டரைத் தாங்கி வெளியே மடங்குகிற கை இருக்கிறதே, அது உட்காரும் இடத்தில் இருந்த இன்னொரு நம்பரைக் காட்டினார். அது கம்பெனியில் பாகங்களை ஜோடி சேர்க்கப் போட்ட நம்பர், ரசீது எழுதியவர் அதைப் பார்த்து எழுதிவிட்டார். "இத முதல்ல திருத்தி வாங்கிடுங்க தம்பி, நாளைக்கு வம்பாயிடும்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்கே நான் கொடுத்த காசு சரியாகப் போச்சு.

அப்புறம் அதே பிடி நம்பரைத் தேடிக்கொண்டே போனார். சிலிண்டரின் பின்முகத்தில் இருந்தது. குழலின் அடியில், சுட்ட காலித் தோட்டாவை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பி படுத்திருக்கும் பள்ளத்திலும் இருந்தது. மரப் பிடியைக் கழற்றி வலது பக்கத்தின் உட்புறத்தில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால், பென்சிலில் மங்கலாக அதே நம்பர்! யாரோ ஒரு தொழிலாளி அமெரிக்காவில் எழுதியது எங்கள் வீட்டு மரப்பிடிக்குள் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழலை யாரும் வெட்டவில்லை என்றும் காட்டினார், நாலேகால் அங்குலம் கம்பெனி அளவு, குறி பார்க்க முனையில் இருக்கும் முன் குறிமுள் குழலோடு ஒரே இரும்பாக இருக்கிறது, பற்றவைத்த தடம் இல்லை.

பூச்சு விஷயத்தில்தான் அடி விழுந்தது. குழலடியில் நம்பருக்குப் பக்கத்தில் 'பி' என்று ஓர் எழுத்து, அது நீலக்கருப்புப் பூச்சுக்குப் போடுகிற குறி என்றார். ஹேமரையும் (பின்னால் இருக்கும் அடிக்கும் சுத்தி) ட்ரிகரையும் அந்தக் கம்பெனி நிக்கல் செய்யாது, சூடாக்கி இறுக்கிய இரும்பின் கலங்கல் நிறத்தில்தான் விடும். எங்களுடையதில் அவை இரண்டும் மற்ற பாகம் போலவே பளபளக்கின்றன. கம்பெனி முத்திரையின் ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன, திருகு உட்காரும் குழிகளின் விளிம்பு உள்ளே சரிந்திருக்கிறது, உள்பாகங்களை மூடியிருக்கும் பக்கத்தட்டின் கண்ணுக்கே தெரியக்கூடாத இணைப்பு கோடு போட்ட மாதிரித் தெரிகிறது. பாலிஷ் போடும் பஃப் வீலில் தேய்த்துவிட்டு முலாம் போட்டிருக்கிறார்கள். கம்பெனியே திரும்பச் செய்திருந்தால் நம்பர் பக்கத்தில் நட்சத்திரமோ, பிடிக்குள் தேதியோ இருக்கும். எங்களுடையதில் இரண்டும் இல்லை.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் கேட்டேன். "நான் கட்டிக்கிட்டு வந்தப்ப கருப்பாத்தான்டா இருந்துச்சு" என்றார். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

ஆக, பாகம் எல்லாம் அதே துப்பாக்கியுடையது, பூச்சு மட்டும் பின்னால் வந்தது. நிக்கலை எடுத்துவிட்டுக் கருப்பாக்கலாமா என்று கேட்டேன். கூடாது, இன்னொரு தடவை தேய்த்தால் முத்திரையே போய்விடும், துருப்பிடிக்காமல் மெலிதாக எண்ணெய் தடவி வை, தோல் உறையில் போட்டு வைக்காதே, ஈரம் கோத்துக்கொண்டு முலாம் உரியும் என்றார். வேலை எடுத்திருந்தால் அவருக்குக் காசு, ஆனாலும் வேண்டாம் என்றார். திருகு கழற்றும்போதும் பார்த்தேன், குழிக்கு அச்சாகப் பொருந்தும் முனையைத் தேடி எடுத்துக்கொண்டார், பக்கத்தட்டை நெம்பவே இல்லை, துப்பாக்கியின் உடல் சட்டத்தை ஒரு மரக்கைப்பிடியால் தட்டித் தட்டி அதுவாக எழும்ப விட்டார். அந்தப் பெரிய கடையில் திருகையே யாரும் தொடவில்லை.

குறை என்றால், மெதுவான ஆள். காலையில் போனவன் மூன்று மணிக்குத்தான் வெளியே வந்தேன். வாயால்தான் எல்லாம் சொல்கிறார், நான் வற்புறுத்திய பிறகுதான் பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்த வருஷம் கம்பெனியை விட்டுப் போனது, முதலில் என்ன பூச்சு என்று ஆதாரத்தோடு வேண்டுமானால் கம்பெனியின் பழைய பதிவுகளைப் பார்த்துச் சொல்லும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஹிஸ்டாரிக்கல் ஃபவுண்டேஷனுக்குப் பணம் கட்டிக் கடிதம் வாங்கச் சொன்னார், போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்பப் போகிறேன்.

என்னிடம் வாங்கியது 1,200 ரூபாய். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், அப்போது போகாதீர்கள். லைசென்ஸ் புத்தகம் ஒரிஜினல் கையில் இல்லாவிட்டால் பொருளைத் தொடவே மாட்டார், ஜெராக்ஸ் செல்லாது.