இலவச சட்ட உதவி மையம்: மனு எழுதிப் பிழைப்பவனின் மதிப்பீடு

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. பதினாறு வருடமாக மனு டைப் செய்து கொடுக்கிறேன், ஒரு பக்கம் 60 ரூபாய். இப்படிப்பட்ட எனக்கே, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஓர் அலுவலகம் இருப்பது போர்டில் படித்த சங்கதியாக மட்டுமே இருந்தது. சென்ற ஆகஸ்டில் உள்ளே போக வேண்டி வந்தது.

காரணம், ஒரு இங்க் பேனாவின் மூடி. எட்டாம் வகுப்பில் என் மகனின் பேனா மூடியை அவன் பெஞ்ச் தோழன் மூன்று நாளாக ஒளித்து வைத்து விளையாட்டுக் காட்டியிருக்கிறான். மூன்றாம் நாள் இவன் தள்ளிவிட்டான். பெஞ்ச் முனையில் பட்டு அவனுக்கு உதடு கிழிந்து இரண்டு தையல். பள்ளியில் பேசித் தீரும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

முதலில் நான் மட்டும் போனேன். ஏட்டு புகாரைக் காட்டினார். "மேற்படி நபர் என் மகனை வழிமறித்து, தகாத வார்த்தைகளால் திட்டி, கொலைவெறியுடன் தாக்கினார்." எந்தக் கடையில் டைப் செய்தார்களோ, வாசகம் என்னுடையது. இதே வரியை நானே நூறு மனுவில் போட்டிருக்கிறேன். அப்போதுதான் போலீசார் கவனிப்பார்கள் என்று விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன். மேற்படி நபருக்கு வயது பதின்மூன்று. இருட்டில் தனியாகக் கழிவறைக்குப் போக மாட்டான்.

"கேஸெல்லாம் போட மாட்டோம். நாளை மாலைக்குள் பையனை அழைத்து வாருங்கள், இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கட்டும்" என்றார் ஏட்டு. கெட்ட மனிதர் இல்லை. தனக்குத் தெரிந்த சுலபமான வழியைச் சொன்னார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சட்ட உதவி அலுவலகத்தில் இருந்தேன். பதிவேட்டில் பெயர் எழுதியதும், "உங்களுக்கா, பையனுக்கா?" என்று கேட்டார் அங்கிருந்த பெண். ஆண்களுக்கு இலவச உதவி வேண்டுமென்றால் பொதுவாக வருமான வரம்பு பார்ப்பார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்தக் கணக்கு கிடையாதாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. என் மகனின் பெயரை எழுதினேன்.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். நாற்காலி மூன்று, ஆட்கள் பதினொன்று, மின்விசிறி ஒன்று. அழைத்த வக்கீலுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கதை முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது சட்டம் பற்றி அல்ல.

"அந்தப் பையனின் உதடு இப்போது எப்படி இருக்கிறது சார்?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாக நான் விசாரிக்கவே இல்லை.

பிறகுதான் சட்டத்துக்கு வந்தார். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் குழந்தை. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு என்கிற கொடுங்குற்றமாகவோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால் தவிர, குழந்தைமீது எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை, ஸ்டேஷன் நாட்குறிப்பில் பதிவு செய்து, குழந்தைகள்மீதான புகார்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தெரிவிப்பதே முறை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நல காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். பையனிடம் பேசுவதானால் அவர்தான், சீருடை இல்லாமல் பேச வேண்டும். எந்த வாக்குமூலத்திலும் குழந்தையைக் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது. வெறும் சாட்சியாக விசாரிப்பதென்றால்கூட, பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, அவன் இருக்கும் இடத்துக்குத்தான் போலீசார் வர வேண்டும்.

"இதையெல்லாம் அங்கே போய் ஒப்பிக்காதீர்கள்" என்று உடனே எச்சரித்தார். "குழந்தைகள் நல காவல் அலுவலர் யார், அவரைப் பார்க்கலாமா என்று மட்டும் கேளுங்கள். வீம்புக்குக் கேட்பதுபோல் கேட்காதீர்கள்."

அப்படியே கேட்டேன். ஏட்டு ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு பெண் சிறப்பு எஸ்.ஐ. வந்தார். பையன் வரவே வேண்டாம், பள்ளியில் தலைமையாசிரியர் முன்னிலையில் இரண்டு வீட்டாரும் பேசுங்கள், ஒத்துவராவிட்டால் எனக்குச் சொல்லுங்கள் என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பள்ளியில் ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்தப் பையனின் அப்பாவுக்கு உதட்டைவிட, நாங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதே பெரிய காயம். மன்னிப்புக் கேட்டேன். தையல் செலவைக் கொடுத்தேன். மருந்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட்டார். பையன்கள் வராந்தாவில் இருந்தார்கள். பேனா மூடி எங்கே என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

குறை சொல்ல வேண்டுமென்றால்: வக்கீல் சொன்ன எதையும் தாளில் தரவில்லை, நான்தான் ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் கிறுக்கிக்கொண்டேன். நன்றி சொல்லப் போனபோது இருக்கையில் வேறு வக்கீல் இருந்தார், தொடர் ஆலோசனைக்குப் போகிறவர் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். போகிறவர்கள் பிள்ளையின் வயதுச் சான்று நகலைக் கையோடு எடுத்துப் போங்கள், வளாகத்தில் ஜெராக்ஸ் பக்கம் மூன்று ரூபாய். அநியாயம்.

போன வாரம் என் கடைக்கு ஒரு அம்மா வந்தார். பக்கத்து வீட்டுப் பையன் தன் மகளைக் கல்லால் அடித்துவிட்டான், காட்டமாக ஒரு புகார் வேண்டும் என்றார். பையனுக்கு என்ன வயது என்று கேட்டேன். ஒன்பது. நான் விளக்க ஆரம்பித்ததும், அடுத்த கடையில் கேள்வி கேட்காமல் எழுதித் தருவார்கள் என்று எழுந்து போய்விட்டார்.